சூளை இருந்த இடத்தில்

பாரிஸ் போய்விட்டு வந்தவரிடம் ஊரில் கேட்கும் முதல் கேள்வி, "ஈஃபிள் டவர் மேல ஏறினீங்களா?" விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் அச்சு வார்த்தே தலை நரைத்த அந்தப் பெரியவர் ஏறவில்லை. அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். வரிசை நீளமாக இருந்தது. பேரன் ஒன்றுக்கு வருகிறது என்றான். திரும்பிவிட்டார்கள். அதற்கப்புறம் அந்தப் பக்கம் போகவேயில்லை. ஆனால் பாரிஸின் பூங்காக்களைப் பற்றிக் கேட்டுவிட்டால் போதும், கையிலிருக்கும் டீ ஆறிப்போவது தெரியாமல் பேசுவார். பேட்டையில் அவருக்குப் பெயர் 'மோல்டுக்காரர்'. பொம்மைக்கும் ஜாடிக்கும் பிளாஸ்டரில் அச்சு எடுத்துக் கொடுப்பது தொழில். பூங்காவைக்கூட அந்தக் கண்ணால்தான் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

அவர் ஊர் சுற்றப் போனவரில்லை. மகளைப் புதுச்சேரியில் கொடுத்திருந்தார். சம்பந்தி வீடு பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பம். 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் எழுதிக்கொடுக்கலாம் என்று ஆறு மாதம் அவகாசம் தந்தார்கள். மாப்பிள்ளையின் தாத்தா அன்றைக்குப் போட்ட ஒரு கையெழுத்து, இரண்டு தலைமுறை தாண்டி, பாரிஸின் 19-ஆவது வட்டாரத்தில் நாலாவது மாடியில் ஒரு சின்ன வீடாக வந்து நின்றிருக்கிறது. மகளும் வேலைக்குப் போக ஆரம்பித்ததும், பள்ளி விடுமுறைக்குப் பேரனைப் பார்த்துக்கொள்ள அப்பா அம்மாவைக் கூப்பிட்டாள்.

வீடு என்றால், கூடத்தில் நாற்காலியை இழுத்தால் கீழ்வீட்டுக்காரர் கம்பால் கூரையைத் தட்டுகிற வீடு. நாலு வயசுப் பையனை அதற்குள் எத்தனை நேரம் வைத்திருப்பது? பாட்டிக்கு முழங்கால் வலி, தினமும் மாடிப்படி ஏறி இறங்க முடியாது. "அப்பா, பார்க்குக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க, தெருமுனையிலயே இருக்குது" என்றாள் மகள்.

தெருமுனையில் இருந்தது நாலு பெஞ்சும் ஒரு ஊஞ்சலும் உள்ள பார்க் இல்லை. பூட் ஷோமோன். பரப்பு சுமார் 25 ஹெக்டேர், நம் கணக்கில் 60 ஏக்கருக்கு மேல். நடுவில் ஏரி, ஏரிக்கு நடுவில் செங்குத்தாக எழுந்து நிற்கும் பாறைத் தீவு, அதன் உச்சியில் தூண்களை வட்டமாக நிறுத்திய ஒரு மண்டபம். ஊருக்குள் இப்படி ஒரு மலை எங்கிருந்து வந்தது என்று பெரியவருக்கு முதல் நாளே உறுத்தியது. தானாக உண்டான மலை சுவர் மாதிரி இறங்காது. இது யாரோ வெட்டி எடுத்த இடம். சாயங்காலம் மாப்பிள்ளையிடம் கேட்டார்.

"ஆமா மாமா. அது பழைய ஜிப்சம் குவாரி."

அந்தப் பதில் மோல்டுக்காரருக்கு என்ன செய்தது என்பதைத் தெரிந்துகொள்ள, பேட்டை வேலையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அங்கே கொலு பொம்மையைச் சக்கரத்தில் வனைவதில்லை. வெள்ளைக் களிமண், குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் மூன்றையும் உருண்டைகள் சுழன்று அரைக்கும் 'பால் மில்'லில் போட்டு நீர் விட்டு அரைத்துக் கெட்டியான குழம்பாக்குகிறார்கள். அதற்கு 'ஸ்லிப்' என்று பெயர். அதை பிளாஸ்டர் அச்சுக்குள் ஊற்றினால் அச்சின் சுவர் தண்ணீரைக் குடிக்கும். குடிக்கக் குடிக்க உள்பக்கம் களிமண் ஏடாகப் படியும். வேண்டிய கனம் வந்ததும் மிச்சக் குழம்பைக் கவிழ்த்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். களிமண் காய்ந்து சுருங்கி அச்சை விட்டு விலகியதும் பிரித்தால், உள்ளே பிள்ளையார் உட்கார்ந்திருப்பார். பிளாஸ்டர் தண்ணீர் குடிக்காவிட்டால் இந்தத் தொழிலே இல்லை. அந்த பிளாஸ்டர் ஜிப்சத்தை வறுத்துச் செய்வது. 150 டிகிரி அளவில் வறுத்தால் அதிலுள்ள நீரில் முக்கால் பங்கு போய்ப் பொடியாகிவிடும். திரும்ப நீர் விட்டால் கல்லாக இறுகும். பாரிஸைச் சுற்றிப் பூமிக்குள் ஜிப்சம் அவ்வளவு கிடந்ததால்தான் உலகமெங்கும் அந்தப் பொடி மூட்டையில் 'பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்' என்று எழுதியிருக்கிறது.

ஆயுசு முழுக்க மூட்டை மூட்டையாய்க் கரைத்த பொடியின் தாய்ச் சுரங்கத்தில் பேரன் சறுக்கு விளையாடிக்கொண்டிருக்கிறான்! மறுநாள் காலையில் அவர் பேரனை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் பாறையைத் தட்டிக்கொண்டே ஏரியைச் சுற்றி வந்தார்.

தட்டியதில் சில விஷயங்கள் தெரிந்தன. பாதிப் பாறை பாறையே இல்லை, மேலே சிமெண்ட் பூச்சு. படிக்கட்டு ஓரத்தில் மரக்கிளைகளை ஒடித்துக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியதுபோன்ற கைப்பிடி. பட்டை உரிந்த இடம், கிளை வெட்டிய முடிச்சு, உள்ளே வளையம் வளையமாக வயசுக்கோடு, எல்லாம் இருந்தது. விரல் கணுவால் ஒரு தட்டுத் தட்டினார். மரத்துக்கு உரிய சத்தம் வரவில்லை. கான்கிரீட். பச்சையாக இருக்கும்போது யாரோ கரண்டியாலும் முள்ளாலும் கீறி மரமாக்கியிருக்கிறார்கள். ஒரு முடிச்சைப் போல இன்னொன்று இல்லை, ஆகவே அச்சில் எடுத்ததில்லை, கைவேலை. பேரன் சலித்துப்போய்க் கையை இழுத்தான். இவர் நகரவில்லை.

பூங்கா வருவதற்கு முன் அந்த இடத்தை யாரும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. குவாரிக் குழிகளில் ஊர்க் குப்பையைக் கொட்டினார்கள். கிழட்டுக் குதிரைகளை அறுக்கும் இடம் பக்கத்தில். அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன் மோன்ஃபோகோன் என்னும் தூக்குமரம் அருகில்தான் இருந்தது. அந்த நிலத்தைத்தான் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் பூங்காவாக்கத் தேர்ந்தெடுத்தார்கள். பாரிஸை இடித்துக் கட்டிய ஓஸ்மான் மேற்பார்வை, அல்ஃபான் என்ற பொறியாளர் கையில் வேலை. 1864-ல் தொடங்கி, மேடு பள்ளத்தைத் திருத்தவே இரண்டு வருடம் பிடித்தது. தண்டவாளம் போட்டு 2 லட்சம் கன மீட்டர் மேல்மண்ணைக் கொண்டுவந்து கொட்டினார்கள். ஆயிரம் பேர் வேலை செய்தார்கள். வெடி வைத்துப் பாறைக்கு வடிவம் கொடுத்தார்கள். ஊர்க் என்னும் கால்வாயிலிருந்து நீரை பம்பு வைத்து மேலே ஏற்றி அருவி விட்டார்கள். 1867 ஏப்ரல் 1-ம் தேதி, உலகக் கண்காட்சி தொடங்கிய அன்றே, பூங்காவும் திறந்தது.

மலை செயற்கை, அருவி பம்பு தண்ணீர், மரக் கைப்பிடி சிமெண்ட். போலி என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். மோல்டுக்காரருக்கு அதில் சங்கடமே இல்லை. சுரண்டிப் போட்ட நிலத்தைச் சும்மா விடாமல் இத்தனை கை சேர்ந்து ஒன்றைச் செய்திருக்கிறது, அது 150 வருடத்துக்கு மேல் ஓடுகிறது, இதைவிட அசல் வேறென்ன வேண்டும் என்பது அவர் கட்சி. தீவு உச்சியிலிருந்து ஏரிக்கரைக்கு 173 படி இறங்குகிறது. படிகளை நனைத்துக்கொண்டு நீர் கசியும். குவாரிக்காரர்கள் விட்டுப்போன பொந்தைப் பெரிதாக்கிக் குகையாக்கி, உள்ளே கூரையிலிருந்து கல் விழுதுகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள், அதுவும் செய்ததுதான். அந்தக் குளிர்ச்சியில் இறங்கும்போது பழமலைநாதர் கோயிலில் ஆழத்துப் பிள்ளையாரைப் பார்க்கக் கீழே இறங்குகிற மாதிரியே இருந்தது என்றார். விருத்தாசலத்துக்காரர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

மூன்றாம் நெப்போலியன் பெயர் நமக்கும் அந்நியமில்லை. புதுச்சேரி பாரதி பூங்காவின் நடுவில் வெள்ளையாக நிற்கிறதே ஆயி மண்டபம், அது அவர் காலத்தில் கட்டியது. ஊருக்குத் தண்ணீர்க் குளம் வெட்ட, தன் மாளிகையைத் தானே இடித்துக் கொடுத்ததாகச் சொல்லப்படும் ஆயி என்ற தாசியின் நினைவாக எழுப்பியது. சம்பந்தி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பெரியவர் அந்த மண்டப நிழலில் உட்கார்ந்து கடலை தின்றிருக்கிறார். அதைக் கட்டச் சொன்ன ஆட்சிதான் பூட் ஷோமோனையும் போட்டது என்று மாப்பிள்ளை சொன்னபோது, "அப்ப நமக்கும் இதுல பங்கு இருக்குதுன்னு சொல்லு" என்றாராம். அந்தப் பேரரசர் பதவிக்கு வருமுன் லண்டனில் தஞ்சம் புகுந்திருந்தவர். அங்கே ஹைட் பார்க்கையும், வீடுகளுக்கு நடுவே இருந்த சதுரத் தோட்டங்களையும் பார்த்து ஆசைப்பட்டுத்தான் பாரிஸ் முழுக்கப் பூங்கா போடச் சொன்னார் என்பது வரலாறு. பெரிய காடுகள் இரண்டு, பெரிய பூங்காக்கள் சில, போதாததற்குத் தெருவோரச் சதுக்கத் தோட்டங்கள் 24. அரண்மனைக்காரர்கள் உலாப் போகும் இடமாக இருந்த தோட்டம், வேலை முடிந்து வருகிறவன் உட்காரும் இடமாக மாறியது பெரும்பாலும் அவர் ஆட்சிக் காலத்தில்தான்.

ஆனால் பேரனுக்கு நெப்போலியனும் தெரியாது ஓஸ்மானும் தெரியாது. அவனுக்கு மணல் தொட்டி வேண்டும்.

பாரிஸில் பிள்ளைகள் விளையாடும் திடல் பூங்காவுக்குள் இன்னொரு பூங்கா. இடுப்புயர வேலி, தானாகச் சாத்திக்கொள்ளும் சின்னக் கதவு, நாய்க்கு அனுமதியில்லை. ஒவ்வொரு சறுக்கிலும் ஏணியிலும் எந்த வயசுப் பிள்ளைக்கு என்று தகடு அடித்திருக்கிறது. விழுந்தால் முட்டி சிராய்க்காத ரப்பர் தரை. 2015 முதல் பிரான்ஸ் முழுக்க விளையாட்டுத் திடலுக்குள் சிகரெட் பிடிக்கத் தடை. பெஞ்சுகளைப் பிள்ளைகளைப் பார்த்தபடி போட்டிருந்தார்கள். இதை அவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார். காவலுக்கு வந்தவன் கழுத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருக்கலாம். யாரோ ஒரு தாயோ தாத்தாவோ அந்த வேலையில் இருந்திருக்க வேண்டும், வெறும் காண்ட்ராக்டருக்கு இது தோன்றாது என்பார்.

மணல் தொட்டியில் ஒருநாள் வேடிக்கை நடந்தது. முதல் நாள் மழை பெய்து மணல் ஈரமாக இருந்தது. பேரன் வாளியில் மணலை அடைத்துக் கவிழ்த்தான், பாதியில் உடைந்தது, அழுதான். பெரியவர் குந்தி உட்கார்ந்தார். மணலை உள்ளங்கையில் இறுக்கிப் பார்த்தார், விரலை விரித்தால் உதிராமல் நின்றது. வாளியின் அடியிலிருந்து ஓரம் ஓரமாகக் கட்டைவிரலால் அழுத்தி நிரப்பினார், நடுவில் கொஞ்சம் தளர்வாக விட்டார், கவிழ்த்து வைத்து வாளியின் முதுகில் இரண்டு தட்டு, நேராக மேலே எடுத்தார். வாளியில் இருந்த பூ வேலைப்பாடு மணலில் வரி பிசகாமல் நின்றது. பக்கத்தில் ஒரு ஆப்பிரிக்கப் பெண்குழந்தை தன் வாளியை நீட்டியது. அப்புறம் ஒரு சீனப் பையன். அப்புறம் யார் யாரோ. பல நாட்டார் குடியிருக்கும் பெல்வில் பக்கம் என்பதால் உலகத்துப் பிள்ளைகள் எல்லாம் அங்கே உண்டு. பெஞ்சிலிருந்த தாய்மார்கள் சிரித்தார்கள், ஒருத்தி ஏதோ சொன்னாள், இவர் தலையாட்டினார். பிரெஞ்சில் அவருக்குத் தெரிந்தது 'மெர்சி' ஒன்றுதான். அன்றைக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாப்பிள்ளை எல்லோரையும் வேறு இடங்களுக்கு அழைத்துப் போனார். லுக்சம்பூர் தோட்டத்தில் எண்கோணக் குளத்தில் விட மரத்தாலான பொம்மைப் பாய்மரப் படகுகளை வாடகைக்குத் தருகிறார்கள். படகை விட்டுவிட்டு, கரைக்கு வந்ததும் குச்சியால் தள்ளிவிட வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. 1920-களிலிருந்து இதே ஆட்டம். பிளாஸ்டிக் ரிமோட் படகு வந்து எத்தனையோ வருடம் ஆகியும் அங்கே கூட்டம் குறையவில்லை. அங்குள்ள சறுக்குத் திடலுக்கு மட்டும் டிக்கெட், பிள்ளைக்கும் உண்டு, கூட வரும் பெரியவருக்கும் உண்டு. பாட்டிக்கு அது பிடிக்கவில்லை. "பேரன் சறுக்கறதுக்கு நான் ஏங்க காசு குடுக்கணும்?" பெரியவரைக் கவர்ந்தது பச்சை நிற இரும்பு நாற்காலிகள். எதையும் தரையோடு சங்கிலி போட்டுக் கட்டவில்லை. வெயில் நகர்ந்தால் நாற்காலியை இழுத்துக்கொண்டு நாமும் நகரலாம். 1974 வரை அதற்கும் வாடகை உண்டு, வசூலிக்கப் பெண்கள் சுற்றி வருவார்களாம். இன்றைக்கு இலவசம். சாயங்காலம் மூடும் நேரம் வந்ததும் காவலர்கள் விசில் ஊதிக்கொண்டே வருகிறார்கள். ஆயிரக்கணக்கான நாற்காலிகளை அப்படியே போட்டுவிட்டு ஜனம் எழுந்து போகிறது. காலையில் எண்ணிக்கை குறைகிறதா என்று யாரிடமாவது கேட்க அவருக்கு ஆசை, மொழி இடம் கொடுக்கவில்லை.

அடுத்தது துய்லெரி தோட்டம். லூவர் அருங்காட்சியகத்துக்கு முன்னால், சேன் நதிக்கரையில் இருக்கும் அரச தோட்டம். சுற்றுலாக்காரர்கள் மோனலிசாவைப் பார்த்துவிட்டுக் கால் ஆற உட்காரும் இடம். பெரியவர் மோனலிசாவுக்குப் போகவில்லை, நேரே தோட்டத்துக்குப் போனார். காரணம் மாப்பிள்ளை ரயிலில் சொன்ன ஒரு தகவல். அந்த இடம் முழுக்க ஒரு காலத்தில் ஓட்டுச் சூளை. கோட்டைச் சுவருக்கு வெளியே நல்ல களிமண் கிடைத்த இடத்தில் பல தலைமுறைகளாகக் கூரை ஓடு சுட்டுக்கொண்டிருந்தார்கள். 1564-ல் ராணி கேத்தரின் தெ மெதிச்சி அங்கே அரண்மனை கட்டத் தொடங்கினார். அரண்மனைக்கும் தோட்டத்துக்கும் அந்தச் சூளைகளின் பெயரே நிலைத்தது. பிரான்ஸ் தேசத்து மன்னர்கள் குடியிருந்த மாளிகைக்கு ஓட்டுக்காரன் தொழிற்பெயர்! 1871-ல் பாரிஸ் கம்யூன் கலகத்தில் அரண்மனை எரிந்தது, 1883-ல் மிச்சச் சுவரையும் இடித்தார்கள். தோட்டம் இருக்கிறது, பெயர் இருக்கிறது.

இந்தத் தோட்டம் பொதுஜனத்துக்குத் திறந்த கதையும் கேட்க வேண்டியது. 1667 வாக்கில் சார்ல் பெரோ என்ற அரசு அதிகாரி, இதைப் பூட்டி வைக்காமல் மக்களுக்கு விட வேண்டும் என்று மன்னரின் அமைச்சரிடம் வாதாடினார். விட்டார்கள். பிச்சைக்காரர், ஏவலாள், சிப்பாய் மட்டும் வரக்கூடாது என்று நிபந்தனை. நம் வீட்டுக் குழந்தைகளுக்குத் தெரிந்த சிண்ட்ரெல்லா கதையை எழுதிப் பதிப்பித்தவர் அதே பெரோதான். அடுப்படிச் சாம்பலில் கிடந்த பெண்ணை அரண்மனைக்குள் அனுப்பியவர், தோட்ட வாசலில் ஏவலாளை நிறுத்திய விதிக்கு என்ன சொன்னாரோ.

சூளை இருந்த இடத்தில் அரண்மனை கட்டிய ராணிக்கே பிறகு ஒரு சூளைக்காரர் தேவைப்பட்டார். பெர்னார் பாலிசி. பீங்கான் தொழிலில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய மனிதர். வெள்ளை மெருகின் ரகசியத்தைக் கண்டுபிடிக்க வருடக் கணக்கில் தானே முயன்று, விறகு தீர்ந்த ஒருநாள் வீட்டு மேசையையும் தரைப் பலகையையும் உடைத்துச் சூளைக்குள் போட்டதாக அவரே எழுதிவைத்திருக்கிறார். பல்லி, பாம்பு, மீன், கிளிஞ்சல், இலை என்று நிஜமானவற்றிலிருந்தே அச்சு எடுத்துத் தட்டுகளில் பதித்தவர். ராணிக்குத் தோட்டத்தில் ஒரு குகை அமைக்க, துய்லெரியிலேயே அவருக்குப் பட்டறை கொடுத்தார்கள். நானூறு வருடம் கழித்து லூவர் அருகே தோண்டியபோது அவருடைய சூளையின் மிச்சமும் அச்சுத் துண்டுகளும் கிடைத்தன. புராட்டஸ்டண்டு மதத்தைக் கைவிட மறுத்ததற்காக முதுமையில் சிறை வைக்கப்பட்டு, பஸ்தீய் சிறையிலேயே 1590 வாக்கில் செத்தார்.

பாலிசிக்குச் சிலை இருக்கிறது என்று தெரிந்ததும் பெரியவர் விடவில்லை. சேன் ஜெர்மேன் தே பிரே தேவாலயத்தை ஒட்டி, ஃபெலிக்ஸ் தெருவெல் என்ற சின்னச் சதுக்கத் தோட்டம். நாலைந்து மரம், சில பெஞ்சு. பெரும்பாலோர் கடந்து போய்விடுவார்கள். அங்கே பாரியாஸ் என்ற சிற்பி செய்த பாலிசி, கையில் தட்டோடு நிற்கிறார். அவரைவிடப் பெரியவரைப் பிடித்து நிறுத்தியது எதிர்ச் சுவர். பல ஆள் உயரத்துக்கு ஒரு வாசல் வளைவு, தூண், பூக்கொடி, மனித உருவங்கள், எல்லாம் மெருகிட்ட சுடுமண். அரசு பீங்கான் ஆலையான செவ்ர், 1900-ஆம் வருட உலகக் கண்காட்சியில் தன் திறமையைக் காட்டச் செய்த வேலை அது. கண்காட்சி முடிந்தபின் உடைத்துப் போடாமல், இந்தத் தோட்டத்துச் சுவரில் சாத்தி நிறுத்திவிட்டார்கள்.

அங்கே அவர் வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிய சரக்கைச் சோதிக்கிற மாதிரி சோதித்தார். இணைப்பு எங்கே விழுகிறது? உருவத்தின் முட்டியிலும் மடிப்பிலும் மறைத்திருந்தார்கள், சமமான இடத்தில் ஒரு கோடுகூட இல்லை. சுடும்போது களிமண் சுருங்கும். பத்தில் ஒரு பங்கு சுருங்கினாலும் துண்டுக்குத் துண்டு அளவு மாறி, தூண் கோணிக்கொள்ளும். இங்கே கோணவில்லை. கீழ்ப் பக்கம் மெருகில் முடி கனத்துக்கு விரிசல் ஓடியிருந்தது. "அதான பார்த்தேன்" என்றார் திருப்தியாக. நூறு வருடத்துக்கு மேல் மழை, பனி, புகை. நிறம் போகவில்லை, பெயிண்ட் அடிக்கவில்லை. பெயிண்ட் அடித்த சிமெண்ட் ஒட்டகச்சிவிங்கிக்கு நம் பூங்காக்களில் இரண்டு மழைக்கு மேல் நிறம் நிற்காது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

பாரிஸில் பல பூங்காக்களுக்கு இப்படி ஒரு பூர்வாசிரமம் இருக்கிறது. லா வீலெத், ஜார்ஜ் பிராசான்ஸ் இரண்டும் மாடு அறுக்கும் கொட்டகைகள் இருந்த இடம். பிராசான்ஸ் வாசலில் வெண்கலக் காளைகள் இன்னும் நிற்கின்றன, சனி ஞாயிறுகளில் பழைய புத்தகச் சந்தை. ஆந்த்ரே சித்ரோயென் கார் தொழிற்சாலை இருந்த இடத்தில் அதே பெயரில் பூங்கா. ரயில் நின்றுபோன பழைய பாதையில் நாலரை கிலோமீட்டருக்கு நடைபாதைத் தோட்டம்.

எயோல் தோட்டம் இதில் தனி ரகம். தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேலிலிருந்து நடந்து போகும் தூரம். மளிகைக் கடை, புடவைக் கடை, கொத்து ரொட்டிக் கடை, மாணிக்க விநாயகர் கோயில் என்று அந்த வட்டாரம் முழுக்க ஈழத் தமிழர் கை. தண்டவாளத்தை ஒட்டி ரயில்வேயின் பழைய சரக்குக் களம் சும்மா கிடந்தது. மரம் மட்டையே இல்லாத நெருக்கடியான பகுதி. அக்கம்பக்கத்துக் குடித்தனக்காரர்கள் பல வருடம் கூட்டம் போட்டு, எழுதிக்கொடுத்து, விடாமல் கேட்டார்கள். 2007-ல் 4 ஹெக்டேருக்கு மேல் பூங்காவாகத் திறந்தது. முருங்கைக்காய் வாங்கப் போன இடத்தில் பேரன் அடம்பிடிக்க, பெரியவர் அங்கே போய் உட்கார்ந்தார். பக்கத்தில் வயசான ஒரு யாழ்ப்பாணத்துக்காரர்.

"ஐயா இந்தியாவோ?"

"ஆமாங்க. விருத்தாசலம், கடலூர் பக்கம்."

"பேரனோ? விளையாடட்டும்." கொஞ்ச நேரம் கழித்து அவரே தொடங்கினார். "நான் எண்பத்தாறிலை வந்தனான். ஒரு அறையிலை எட்டுப் பேர். பகல் வேலை ஆக்கள் வெளிக்கிட்டாத்தான் ராவேலை ஆக்களுக்குப் படுக்க இடம். அதுவரைக்கும் பாக்கிலைதான் இருப்பம். வாங்கிலை படுத்தால் காவல்காரன் எழுப்புவான், இருந்தால் ஒண்டும் சொல்லமாட்டான். கடுதாசி எழுதினதும் அங்கைதான், சாப்பிட்டதும் அங்கைதான்."

விசா காகிதம் கைக்கு வராத ஆளும் அட்டை காட்டாமல், யாருக்கும் பதில் சொல்லாமல் உட்காரக்கூடிய ஒரே இடம் பூங்கா பெஞ்சு. 1667-ல் ஏவலாளை வெளியே நிறுத்திய ஊர், அங்கே வந்து சேர எத்தனை காலம் பிடித்திருக்கிறது. பூ, அருவி, சிலை எல்லாவற்றையும்விட, கேள்வி கேட்காத அந்தப் பெஞ்சுதான் பாரிஸ் பூங்காக்களில் தான் கண்ட பெரிய விஷயம் என்று பெரியவர் தீர்ப்பு சொல்கிறார்.

ஊர் திரும்பியபின் அவர் பேச்சு கொஞ்சம் மாறியிருக்கிறது. விருத்தாசலத்தில் பிள்ளைகள் விளையாட இடமில்லை என்று அவர் புலம்புவதில்லை. இவர் சின்ன வயசில் மணிமுத்தாறு வற்றிய காலமெல்லாம் ஆற்று மணல்தான் திடல். வெயில் தாழ்ந்தால் கோயில் வெளிப்பிராகாரம். கோபுரம் ஐந்து, பிராகாரம் ஐந்து, நந்தி ஐந்து, தேர் ஐந்து என்று எல்லாவற்றையும் ஐந்தாக எண்ணும் கோயிலில், பிள்ளைகள் ஓட இடத்துக்குப் பஞ்சமிருந்ததில்லை. இப்போது ஊர் பெருத்துவிட்டது. நாலு பக்கமும் மனைப்பிரிவு. தமிழ்நாட்டு விதிப்படி 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனை போடுகிறவர்கள் சாலை போக நிலத்தில் 10 சதவீதத்தைப் பொதுவிடமாக எழுதிக்கொடுத்தாக வேண்டும். வரைபடத்தில் பச்சை பூசி 'பூங்கா' என்று எழுதியிருக்கும் அந்தக் கட்டம் தங்கள் தெருவில் எங்கே இருக்கிறது, அதில் இப்போது என்ன நிற்கிறது என்று மனை வாங்கினவர்கள் போய்ப் பார்க்க வேண்டும் என்பார். எயோல் பக்கத்துக் குடித்தனக்காரர்கள் முதலில் செய்தது அதைத்தான்.

தோண்டிய நிலம் வீணாய்ப் போக வேண்டியதில்லை என்பதற்குப் பாரிஸ் வரை போகவும் வேண்டாம். பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எடுத்து முடித்த இடத்தில் மண்ணை நிரப்பி மரம் வளர்த்திருக்கிறார்கள். பேட்டைக்கு வேண்டிய களிமண்ணும் அந்தச் சுரங்கப் பகுதியிலிருந்து வருவதுதான்.

அவருடைய இன்னொரு கோரிக்கை பேட்டையைப் பற்றியது. பீங்கானுக்கென்றே டிப்ளமோ சொல்லிக்கொடுக்கும் அரசு கல்வி நிறுவனம் இந்த ஊரில் இருக்கிறது. அச்சு எடுக்கவும், மெருகு பூசவும், சூளை அடுக்கவும் தெரிந்த கைகள் தலைமுறையாக இருக்கின்றன. கொலுவுக்கும் கார்த்திகைக்கும் இங்கிருந்து சரக்கு வெளியூருக்குப் போகிறது. ஆனால் ஊரில் எது திறந்தாலும் பெயர்ப்பலகை பிளெக்ஸில் வருகிறது, ஆறு மாதத்தில் வெளுத்துக் கிழிந்து தொங்குகிறது. செவ்ர் ஆலையைப் போல வாசல் வளைவு கட்டச் சொல்லவில்லை. பூங்காவின் பெயர், மரங்களின் பெயர், எந்தச் சறுக்கு எந்த வயசுக்கு என்ற குறிப்பு, பெஞ்சின் முதுகில் பதிக்க நாலு வில்லை, இவ்வளவுதான். எழுத்தை அச்சில் பதித்து, மெருகு போட்டுச் சுட்டால் பேரன் தாத்தா ஆகும்வரை நிற்கும். நகரில் அடுத்த பூங்காவைத் திறக்கப்போகிறவர்கள், பிளெக்ஸ் கடைக்கு ஆர்டர் கொடுக்குமுன் ஒரு தடவை பேட்டைக்கு வந்து விலை கேட்டுவிட்டுப் போகட்டும். அச்சு எடுக்கும் கூலி தனக்கு வேண்டாம் என்கிறார் மோல்டுக்காரர்.